பத்தொன்பதுக்கு எட்டு

2004-ஆம் ஆண்டின் அமெரிக்கன் லீக் பேஸ்பால் இறுதித் தொடரைப் பற்றிப் பேச்செடுக்கும் பாஸ்டன்காரர் யாராக இருந்தாலும், நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில்தான் கதையைத் தொடங்குவார். டேவ் ராபர்ட்ஸ் என்ற மாற்று ஆட்டக்காரர் இரண்டாவது பேஸை நோக்கிப் பாய்ந்து, புழுதி பறக்கச் சறுக்கி, மயிரிழையில் தப்பிய அந்தச் சில நொடிகளை இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் கையை வீசி நடித்துக் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் அந்த நொடிகள் மனப்பாடம்தான். ஆனாலும் கதையை அதற்கு முந்தைய இரவிலிருந்து, அதாவது எங்கள் ரெட் சாக்ஸ் அணி சொந்த மண்ணில் பத்தொன்பதுக்கு எட்டு என்ற கணக்கில் நியூயார்க் யாங்கீஸிடம் அடிவாங்கிய அக்டோபர் 16, சனிக்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் நெடுநாளைய கட்சி. தொடர் திரும்பியது அன்றைக்குத்தான். திருப்பியவர், அன்றைக்கு ஐந்து ஓட்டங்களை விட்டுக்கொடுத்த ஒரு பந்துவீச்சாளர்.

பேஸ்பால் பழகாத வாசகருக்காக இந்தப் பகையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1918 வரை ஐந்து உலகத் தொடர்களை, அதாவது இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதிப் போட்டிகளை, வென்றிருந்த பாஸ்டன் அணியின் அன்றைய முதலாளி ஹாரி ஃபிரேஸி, 1919-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றார். அதுவரை ஒரு கோப்பையைக்கூடத் தொட்டிராத யாங்கீஸ், 2000-ஆம் ஆண்டுக்குள் இருபத்தாறு கோப்பைகளை அள்ளிக்கொண்டது. பாஸ்டனுக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை. 1946, 1967, 1975, 1986 என்று நான்கு முறை உலகத் தொடருக்குப் போய், நான்கு முறையும் ஏழாவது ஆட்டம் வரை இழுத்து, நான்கு முறையும் தோற்றுத் திரும்பியது. 1978-இல் பிரிவின் முதலிடத்தைத் தீர்மானிக்க நடந்த ஒற்றை ஆட்டத்தில், ஹோம் ரன்னுக்கு, அதாவது கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடிக்கு, பேர்போகாத பக்கி டென்ட் என்ற யாங்கீஸ் வீரர், பாஸ்டனின் மைதானமான ஃபென்வே பார்க்கின் இடப்புறச் சுவருக்கு மேலே ஒரு பந்தைத் தூக்கிப் போட்டு அந்த ஆண்டையும் முடித்துவைத்தார். இவை அனைத்துக்கும் ஊர் வைத்த ஒரே பெயர் சாபம். ரூத்தின் செல்லப்பெயரைச் சேர்த்துப் பாம்பினோவின் சாபம் என்பார்கள். மற்ற அணிகள் எல்லாம் கறுப்பின வீரர்களைக் களமிறக்கிய பிறகும் 1959 வரை அதைச் செய்யாமலிருந்த கடைசி அணி பாஸ்டன்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அரை நூற்றாண்டுத் தோல்விக்கு ரூத்தின் ஆவியைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றும். எனினும் ஒன்றை ஊரே நம்பும்போது, அது ஆடுகிறவர்களின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

நான் பாஸ்டன் பக்கம் வந்தது 2001-இல், மென்பொருள் வேலைக்காக. சாமர்வில் நகரில், அந்தப் பகுதிக்கே உரிய மூன்றடுக்கு மரவீடு ஒன்றின் மேல்தளத்தில் குடியிருந்தேன். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர், அயர்லாந்து வம்சாவளியினர், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். 1946-இன் ஏழாவது ஆட்டத்தைப் பதின்மூன்று வயதுச் சிறுவனாக வானொலியில் கேட்டவர் என்பதால், மேலே நான் அடுக்கிய தோல்விகள் அனைத்தும் அவருக்குச் சொந்த அனுபவம். தொலைக்காட்சியின் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, சமையலறை வானொலியில் ஜோ காஸ்டிலியோனியின் வர்ணனையை வைத்துக்கொண்டுதான் அவர் ஆட்டம் பார்ப்பார். வானொலி படத்தை ஒரு நொடி முந்திக்கொள்ளும். ஆகவே பந்து மட்டையில் படுவதற்கு முன்பே அவர் முகத்தைப் பார்த்து நான் முடிவைத் தெரிந்துகொள்வேன்.

அவர் மடியில் எப்போதும் ஓர் ஆட்டக் குறிப்பேடு இருக்கும். கிரிக்கெட்டில் ஸ்கோர் எழுதுவதை நான் பள்ளி நாள்களிலேயே கற்றிருந்தேன். இது அதைவிட நுணுக்கமான கலை. ஒவ்வொரு மட்டையாளருக்கும் இன்னிங்ஸுக்கு ஒன்றாகச் சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும், களத்தின் நான்கு பேஸ்களும் அமைந்திருப்பதுபோல, ஒரு வைரத்தின் வடிவம். ஆட்டக்காரர் முதல் பேஸை அடைந்தால் வைரத்தின் ஒரு பக்கத்தைப் பென்சிலால் அழுத்தி இழுக்க வேண்டும். சுற்றி வந்து ஓட்டம் எடுத்தால் வைரம் முழுமையாகும், உள்ளே கருமையாக்கலாம். களத்தில் நிற்போருக்கு எண்கள் உண்டு: பந்துவீச்சாளர் ஒன்று, பந்தைப் பிடிக்கும் கேட்சர் இரண்டு, முதல் பேஸ்காரர் மூன்று என்று போகும். மூன்று ஸ்டிரைக் வாங்கி ஸ்டிரைக் அவுட்டானால் ஆங்கிலத்தின் கே எழுத்து. மட்டையை வீசாமலேயே நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படித்தால் மூன்று மணி நேரமும் கண்முன் திரும்ப ஓடும். அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. படுக்கப் போகும் முன் அடுத்த நாள் பக்கத்தைத் திறந்து, மறுநாள் தொடங்கவிருக்கும் பந்துவீச்சாளரின் பெயரையும் சட்டை எண்ணையும் எழுதி வைத்துவிடுவார். வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுப் போவதுபோல என்று எனக்கு அது தோன்றும்.

2003-ஆம் ஆண்டின் அக்டோபர் 16 அன்று அந்தச் சமையலறையில் இருந்ததுதான் எனக்கு உண்மையான தீட்சை. இதே இரண்டு அணிகள், இதே தொடர், ஏழாவது ஆட்டம், யாங்கீ ஸ்டேடியம். எட்டாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட்டான நிலையில் பாஸ்டன் ஐந்துக்கு இரண்டு என்று முன்னிலையில் இருந்தது. களைத்துப்போயிருந்த பந்துவீச்சாளர் பெத்ரோ மார்ட்டினஸை மேலாளர் கிரேடி லிட்டில் மாற்றாமல் விட்டுவைக்க, யாங்கீஸ் சமன் செய்தது. பத்தாவது இன்னிங்ஸில் டிம் வேக்ஃபீல்டைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொடரில் அதற்கு முன் இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்திருந்தவர் அவர்; அன்று பாஸ்டன் வென்றிருந்தால் தொடரின் நாயகர் விருது அவருக்குத்தான் போயிருக்கும் என்பது எங்கள் ஊரின் ஒருமித்த கருத்து. பதினோராவது இன்னிங்ஸில் அவர் வீசிய முதல் பந்தை ஆரன் பூன் இடப்புற ரசிகர் கூட்டத்துக்குள் அனுப்பினார். நள்ளிரவு தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் அந்தக் கட்டத்துக்குள் வைரத்தைக் கருமையாக்கி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

வேக்ஃபீல்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் பேஸ் ஆட்டக்காரராக 1988-இல் பிட்ஸ்பர்க் அணிக்கு வந்து, மட்டையடி போதவில்லை என்று தெரிந்தபோது, பிழைக்கும் வழியாக நக்கிள்பால் என்ற பந்தைக் கையில் எடுத்தவர் அவர். அந்தப் பந்தை விரல்நுனிகளால், ஏறக்குறைய நகங்களால் பிடித்து, சுழற்சியே இல்லாமல் தள்ளிவிட வேண்டும். சாதாரண வேகப்பந்து மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டரைத் தொடும் ஆட்டத்தில் இது நூற்றுப்பத்துக்குள் மிதந்து வரும். சுழலாத பந்தின் தையலில் காற்று ஒருபக்கம் ஒட்டியும் ஒருபக்கம் விலகியும் போவதால், பந்து கடைசி இரண்டு மீட்டரில் எந்தப் பக்கம் நழுவும் என்று வீசியவருக்கே தெரியாது. சரியாக அமைந்த நாளில் பெரிய பெரிய மட்டையாளர்கள் வௌவாலை விரட்டுகிறவர்களைப்போலக் காற்றைத் துழாவுவார்கள். அமையாத நாளில், மெதுவாக, நேராக, கழுத்தை நீட்டிக்கொண்டு வரும் பந்து அது. பூனுக்குப் போனது அப்படிப்பட்ட ஒன்று. அந்தப் பந்தைப் பிடிப்பதும் தனித் தொழில்; அதற்கென்றே டக் மிராபெல்லி என்ற கேட்சர் பெரிய கையுறையோடு அணியில் இருந்தார். இது பின்னால் வரும்.

பிட்ஸ்பர்க் கைவிட்ட பிறகு 1995-இல் பாஸ்டனுக்கு வந்த வேக்ஃபீல்ட், தொடங்கச் சொன்னால் தொடங்கினார், முடிக்கச் சொன்னால் முடித்தார், நடுவில் இறங்கச் சொன்னால் இறங்கினார். 1986-இல் காலுக்கிடையே பந்தை விட்ட பில் பக்னரை ஊர் பல்லாண்டு துரத்தியது. அதேபோலத் தன்னையும் துரத்தும் என்று 2003-இன் அந்த இரவில் அவர் அஞ்சியதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். ஊர் அப்படிச் செய்யவில்லை. பழி முழுவதும் லிட்டிலின் தலையில் விழுந்து, அவருடைய வேலையும் போயிற்று. டெரி பிரான்கோனா புதிய மேலாளரானார். பாஸ்டன் வாங்கவிருந்த அலெக்ஸ் ரொட்ரீகஸ், ஒப்பந்தம் வீரர்கள் சங்கத்தின் எதிர்ப்பால் முறிந்துபோக, சில வாரங்களில் யாங்கீஸுக்கே போய்ச் சேர்ந்தார். எரிகிற வீட்டில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று.

2004-இல் மீண்டும் அதே இரண்டு அணிகள் மோதின. முதல் இரண்டு ஆட்டங்கள் நியூயார்க்கில். முதலாவதில் பாஸ்டனின் கர்ட் ஷில்லிங் கணுக்கால் தசைநாண் பிசகியதால் மூன்று இன்னிங்ஸில் ஆறு ஓட்டங்களைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். எட்டுக்குச் சைபர் என்றிருந்ததை எட்டுக்கு ஏழு வரை துரத்திப் பிடித்து, இறுதியில் பத்துக்கு ஏழில் தோற்றோம். இரண்டாவதில் ஜான் லீபர் எங்கள் மட்டைகளைக் கட்டிப்போட, மூன்றுக்கு ஒன்று. யாங்கீஸைத் தன் அப்பன் என்றே அழைக்க வேண்டியதுதான் என்று பெத்ரோ செப்டம்பரில் சலிப்பில் உதிர்த்த ஒரு வாக்கியத்தை வைத்து, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உன் அப்பன் யார் என்று இரவு முழுவதும் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரசித்துத்தான் ஆக வேண்டும். நல்ல கேலி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் நல்ல கேலியே.

மூன்றாவது ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், பூன் அடித்த ஆட்டத்தின் அதே தேதியில் ஃபென்வே பார்க்கில் நடந்தது. மூன்று இன்னிங்ஸ் முடிவில் ஆறுக்கு ஆறு. அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல மனம் வரவில்லை. யாங்கீஸ் அன்று இருபத்திரண்டு முறை மட்டையால் பேஸை அடைந்தது. ஹிதெகி மட்சுயி மட்டும் ஐந்து முறை, அதில் இரண்டு ஹோம் ரன். தொடங்கிய பிரான்சன் அரோயோ மூன்றாவது இன்னிங்ஸைத் தாண்டவில்லை. அடுத்தடுத்து இறங்கியவர்களும் தாங்கவில்லை. பிரான்கோனாவுக்கு முன் இருந்த கணக்கு இதுதான்: நாளைக்கு ஓர் ஆட்டம், மறுநாள் ஓர் ஆட்டம், இடையில் ஓய்வு நாள் கிடையாது, மாற்றுப் பந்துவீச்சாளர்கள் காத்திருக்கும் புல்பென்னில் இருக்கும் கைகளை இன்றே செலவழித்துவிட்டால் நாளைக்கு யாரும் இல்லை.

அப்போது வேக்ஃபீல்ட் எழுந்து போய்த் தன்னை அனுப்புமாறு தானே கேட்டார். மறுநாள் நான்காவது ஆட்டத்தைத் தொடங்கவிருந்தவர் அவர். ஒரு தொடக்கப் பந்துவீச்சாளருக்கு இறுதித் தொடரில் தன் பெயரில் ஓர் ஆட்டம் கிடைப்பது என்பது சாதாரண விஷயம் இல்லை. அதுவும் முந்தைய ஆண்டு அதே அணியிடம் அப்படித் தோற்றவருக்கு, கணக்குத் தீர்க்க இருந்த ஒரே வாய்ப்பு அது. அதைக் கொடுத்துவிட்டு, கைநழுவிக்கொண்டிருந்த ஆட்டத்தில் எண்ணிக்கையை நிரப்ப இறங்கினார். மூன்று இன்னிங்ஸுக்குச் சற்று மேலாக வீசினார். அடித்தார்கள். ஐந்து ஓட்டங்கள். சரியாக ஓராண்டு முன்பு தான் தலைகுனிந்து நடந்துபோன அதே எதிரிக்கு முன்னால், ஆறுதலுக்குக்கூட ஒன்றும் கிடைக்காத வேலையை அவர் செய்து முடித்தார்.

எட்டாவது இன்னிங்ஸ் முடிந்ததும் நான் மாடிக்குப் போக எழுந்தேன். வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல், இன்னும் ஆறு அவுட் எழுத வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது கருப்பு வைரங்களையும் அவர் சீராக, கோட்டுக்கு வெளியே போகாமல் நிரப்பினார். ஆட்டம் முடிந்த கையோடு நியூஜெர்சியில் இருந்த என் கல்லூரி நண்பன் தொலைபேசியில் அழைத்தான். எடிசனில் முதல் வேலை கிடைத்ததாலேயே யாங்கீஸ் ரசிகனாகிவிட்டவன்.

"என்னடா, எண்ணி முடிச்சிட்டியா? பத்தொன்பது! இந்தச் சைபரையும் மூணையும் சட்டம் போட்டு மாட்டி வை."

ஏழு ஆட்டத் தொடரில் முதல் மூன்றையும் இழந்த அணி மீண்டு வந்து வென்றது பேஸ்பால் வரலாற்றில் அதுவரை ஒருமுறைகூட நடந்ததில்லை. எனவே அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கீழே வந்து பார்த்தபோது வீட்டுக்காரர் நான்காவது ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். மழை தள்ளிப்போட்ட வெள்ளிக்கிழமையே, ஆர்வக்கோளாறில், வேக்ஃபீல்ட், 49 என்று அதில் எழுதியிருந்தார் போலும். இப்போது அதை ரப்பரால் தேய்த்து அழித்துவிட்டு, லோ, 32 என்று எழுதிக்கொண்டிருந்தார்.

டெரிக் லோ. என் வாதத்தின் அச்சாணி இந்தப் பெயர்தான். அந்த ஆண்டின் கடைசிக் கட்டத்தில் சரியாக வீசாததால் இறுதிச் சுற்றுகளுக்கான தொடக்க வரிசையிலிருந்து நீக்கப்பட்டு, புல்பென்னின் மூலையில் உட்காரவைக்கப்பட்டிருந்தவர். வேக்ஃபீல்ட் தன் ஆட்டத்தைத் தாரைவார்த்ததால்தான் லோவுக்கு நான்காவது ஆட்டம் கிடைத்தது. அதில் அவர் ஆறாவது இன்னிங்ஸ் வரை ஈடுகொடுத்தார். கடைசிக் கட்டத்தைக் காக்கும் கீத் ஃபோல்க், மூன்றாவது ஆட்டத்தில் ஒரு பந்துகூட வீசத் தேவையில்லாமல் இருந்ததால், அடுத்த மூன்று இரவுகளிலும் தொடர்ந்து இறங்கி, மொத்தம் நூறு பந்துகளை வீச முடிந்தது. ராபர்ட்ஸின் ஓட்டத்தைப் பாடுகிறவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலைப் பாடுவதில்லை.

அந்த ஓட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. அக்டோபர் 17, ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, யாங்கீஸ் நான்கு, பாஸ்டன் மூன்று. பந்துவீச்சு மேட்டில் யாங்கீஸின் மரியானோ ரிவேரா. ஆட்டத்தை முடித்துவைக்கும் கலையில் அவருக்கு நிகராக யாரையும் நான் பார்த்ததில்லை என்பதைப் பாஸ்டன் ரசிகனாகவே எழுதுகிறேன். கெவின் மில்லர் பொறுமையாக நின்று, நான்கு தவறான பந்துகளை வாங்கி முதல் பேஸுக்கு நடந்தார். அவருக்குப் பதிலாக ஓட ராபர்ட்ஸ் வந்தார். ஜூலைக் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து, ஏறக்குறைய இந்த ஒரு வேலைக்காகவே வாங்கி வைத்திருந்த கால்கள். அவர் ஓடப்போகிறார் என்பது மைதானத்தில் இருந்த கடலைக்காரருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து அவரைக் கட்டிவைக்கப் பார்த்தார். அதில் ஒருமுறை நூலிழையில் தப்பினார். அதற்குப் பிறகு மட்டையாளருக்குப் போன முதல் பந்திலேயே கிளம்பினார். கேட்சர் போசாடாவின் எறிதலில் குறை சொல்ல எதுவும் இல்லை, ஜீட்டரின் கையுறையும் தாமதிக்கவில்லை. ஆனாலும் ராபர்ட்ஸின் கை முன்னதாகப் பேஸைத் தொட்டுவிட்டது. பில் மியூலர் அடுத்து அடித்த பந்து ரிவேராவைத் தாண்டி நடுவே உருண்டு போனது. நான்குக்கு நான்கு. சமையலறையில் வானொலி முந்திக்கொண்டதால், மியூலர் மட்டையை வீசுவதற்கு முன்பே வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் எழுந்து நின்று ஆட்டம் பார்த்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

பன்னிரண்டாவது இன்னிங்ஸில், மணி 1:22 ஆகியிருந்தபோது, டேவிட் ஓர்ட்டீஸ் இரண்டு ஓட்ட ஹோம் ரன்னால் முடித்துவைத்தார். அதே நாள், அதாவது தேதி மாறாமலேயே, அக்டோபர் 18 மாலை ஐந்தாவது ஆட்டம் தொடங்கியது.

பதினான்கு இன்னிங்ஸ், ஐந்து மணி நாற்பத்தொன்பது நிமிடம். எட்டாவது இன்னிங்ஸில் மீண்டும் ஓர்ட்டீஸின் ஹோம் ரன், மீண்டும் மில்லரின் நடை, மீண்டும் ராபர்ட்ஸின் கால்கள், மீண்டும் ரிவேராவிடமிருந்து நழுவிய முன்னிலை. ஒன்பதாவதில் யாங்கீஸின் டோனி கிளார்க் அடித்த பந்து வலப்புற மூலையில் துள்ளித் தாழ்வான சுவரைத் தாண்டி ரசிகர்களிடையே விழுந்தது. விழுந்ததால் விதிப்படி ஓடியவர் மூன்றாவது பேஸோடு நிறுத்தப்பட்டார். துள்ளாமல் களத்துக்குள்ளேயே கிடந்திருந்தால் அவர் ஓட்டம் எடுத்திருப்பார், இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது. பன்னிரண்டாவது இன்னிங்ஸில், இருந்தவர்கள் எல்லாம் தீர்ந்துபோன நிலையில், வேக்ஃபீல்ட் வந்தார். இரண்டு நாளுக்கு முன் அடிவாங்கிய அதே கை, அதே எதிரி, கூடுதல் இன்னிங்ஸ், ஒரு ஹோம் ரன் விழுந்தால் எல்லாம் முடிந்தது. பூனின் பெயரை எங்கள் சமையலறையில் யாரும் உச்சரிக்கவில்லை.

பதின்மூன்றாவது இன்னிங்ஸை நான் பந்து பந்தாக நினைவில் வைத்திருக்கிறேன். கேட்சராக நின்றவர் ஜேசன் வாரிடெக். நக்கிள்பாலைப் பிடிக்கும் பழக்கம் அவருக்கு மிகக் குறைவு, மிராபெல்லியோ பெஞ்சில். கேரி ஷெஃபீல்ட் ஸ்டிரைக் அவுட்டானார். ஆனால் பந்து வாரிடெக்கின் கையுறையிலிருந்து நழுவி ஓடியதால், அவுட்டாக வேண்டியவர் முதல் பேஸில் போய் நின்றார். பேஸ்பாலின் வினோதமான விதிகளில் இது ஒன்று. மட்சுயியின் அடியில் ஷெஃபீல்ட் வெளியேற, மட்சுயி முதல் பேஸில். இன்னொரு அவுட். மீண்டும் ஒரு பந்து நழுவியது. மட்சுயி இரண்டாவது பேஸுக்குப் போனார். போசாடாவை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். மூன்றாவது முறையாகவும் நழுவியது. இருவரும் ஆளுக்கொரு பேஸ் முன்னேறினார்கள். இப்போது மூன்றாவது பேஸில் ஒருவர், மட்டையில் ரூபன் சியெரா, இன்னும் ஒரு பந்து நழுவினால் யாங்கீஸ் முன்னிலை. பயத்தில் எந்த நக்கிள்பால்காரரும் வேறு பந்துக்கு மாறியிருப்பார். வேக்ஃபீல்ட் மாறவில்லை. அதே பந்தை, அதே மெதுவான கையோடு, அதே தடுமாறும் கேட்சரை நம்பி வீசினார். சியெரா காற்றைத் துழாவினார். வாரிடெக் இரு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார், விழப்போகும் குழந்தையைப் பிடிப்பவர்போல. வீட்டுக்காரரின் பென்சில் முனை அந்தக் கே எழுத்தில் உடைந்தது.

பதினான்காவதில் ஓர்ட்டீஸ் நடுவே தட்டிவிட்ட பந்தில் ஜானி டேமன் ஓடி வந்தார். ஐந்துக்கு நான்கு. வென்ற பந்துவீச்சாளர் என்று பதிவேட்டில் ஏறிய பெயர் டிம் வேக்ஃபீல்ட்.

ஆறாவது ஆட்டத்தைப் பற்றி உலகம் போதுமான அளவு எழுதிவிட்டது. ஷில்லிங்கின் நழுவும் தசைநாணை அசையாமல் நிறுத்த, மருத்துவர்கள் கணுக்காலின் தோலை உள்ளிருக்கும் திசுவோடு சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். காலுறையில் இரத்தம் கசிய ஏழு இன்னிங்ஸ் வீசி ஒரே ஓட்டத்தைக் கொடுத்தார். எட்டாவது இன்னிங்ஸில் ரொட்ரீகஸ் ஓடும்போது அரோயோவின் கையுறையிலிருந்த பந்தைக் கையால் தட்டிவிட, நடுவர்கள் கூடிப் பேசி அவரை அவுட் ஆக்கினார்கள். அரங்கத்திலிருந்து பொருள்கள் பறந்துவர, தலைக்கவசக் காவலர்கள் களத்தின் ஓரத்தில் வரிசையாக உட்காரவைக்கப்பட்டார்கள். நான்குக்கு இரண்டு. அந்தக் காலுறை பெற்ற புகழில் பத்தில் ஒரு பங்கு மூன்றாவது ஆட்டத்துக்குக் கிடைத்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நியூயார்க்கில் நடந்த ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியவர் லோ; இரண்டே நாள் ஓய்வில். ஓர்ட்டீஸ் முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு ஓட்ட ஹோம் ரன். இரண்டாவதில் டேமன் மூன்று பேஸ்களும் நிரம்பியிருக்க ஹோம் ரன். லோ ஆறு இன்னிங்ஸில் கொடுத்தது ஒரே ஒரு அடி, ஒரே ஓட்டம். ஒரு வாரத்துக்கு முன்பு யாரும் கணக்கில் சேர்க்காத கை அது. பத்துக்கு மூன்று. கடைசி மட்டையாளர் சியெரா. பந்து இரண்டாவது பேஸ் பக்கம் போக்கி ரீஸிடம் போயிற்று, அவர் முதல் பேஸுக்கு எறிந்தார். வீட்டுக்காரர் 4-3 என்று எழுதி, அவுட் எண்ணை வட்டமிட்டு, வானொலியை அணைத்தார். தெருவில் கார்கள் ஒலியெழுப்ப ஆரம்பித்தன.

அந்த இரவில் ஃபென்வே பார்க்குக்கு வெளியே கூடிய கூட்டத்தைக் கலைக்கக் காவல்துறை சுட்ட மிளகுக்குண்டு கண்ணில் பட்டு இருபத்தொரு வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் இறந்தார். கொண்டாட்டத்தின் நினைவிலிருந்து இதை மட்டும் கத்தரித்து எடுத்துவிட என்னால் முடிந்ததில்லை. ஒரு வாரத்தில், அக்டோபர் 27 அன்று, சந்திர கிரகணத்தின் கீழே, உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் அணியை நான்கு ஆட்டங்களுக்குச் சைபர் என்று வென்று எண்பத்தாறு ஆண்டுக் காத்திருப்பும் முடிந்தது. அந்த உலகத் தொடரின் முதல் ஆட்டத்தைத் தொடங்க வேக்ஃபீல்டுக்குத்தான் வாய்ப்புக் கொடுத்தார்கள். எடிசன் நண்பன் தீபாவளி வரை தொலைபேசியை எடுக்கவில்லை.

ஏழாவது ஆட்டம் முடிந்த பின், யாங்கீஸின் மேலாளர் ஜோ டோரி பாஸ்டன் அணியின் உடைமாற்றும் அறைக்குத் தொலைபேசியில் அழைத்து, பிரான்கோனாவை வாழ்த்திவிட்டு, வேக்ஃபீல்டிடம் பேச வேண்டும் என்று கேட்டார். ஓராண்டு முன்பு வேக்ஃபீல்ட் அழுதது அதே கட்டடத்தில். அத்தனை நாயகர்கள் இருந்த அறையில் எதிரணியின் மேலாளர் தேடிக் கேட்ட பெயர் அது என்பதைப் படித்தபோது, என் கட்சிக்கு ஒரு நல்ல சாட்சி கிடைத்ததாக மகிழ்ந்தேன்.

நான் 2006-இல் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தபோது வீட்டுக்காரர் அந்தக் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். தனக்குப் புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருப்பதாகவும், இதில் பக்கம் தீர்ந்துவிட்டதாகவும் காரணம் சொன்னார். பாஸ்டனுக்காக நூற்று எண்பத்தாறு வெற்றிகளைப் பெற்றுவிட்டு ஓய்வுபெற்ற வேக்ஃபீல்ட், 2023 அக்டோபர் 1 அன்று, ஐம்பத்தேழு வயதில், மூளைப் புற்றுநோயால் இறந்தார். செய்தியைக் கேட்ட மாலை குறிப்பேட்டை எடுத்து, நான்காவது ஆட்டத்தின் பக்கத்தை மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தேன். அச்சகக்காரரின் கை அழுத்தமானது. லோ, 32 என்ற எழுத்துகளுக்கு அடியில், ரப்பர் தேய்த்த மங்கலான திட்டுக்குள், 49 இன்னும் தாளில் பள்ளமாகக் கிடந்தது.